ஜோடி சேராத கட்டை

நான் விற்ற டார்ச் லைட் ஒன்று ஒரு தோப்புக் காவல்காரரின் உள்ளங்கையைச் சுட்டது. அதற்குக் காரணம் மழைத் தண்ணீர் இல்லை, சார்ஜர் இல்லை, அவருடைய கவனக்குறைவும் இல்லை. காரணம் நான். ஆனால் அவரிடம் அன்றைக்கு வேறு கதை சொன்னேன். கை சுட்டது முதல் தப்பு, கதை சொன்னது இரண்டாவது தப்பு. இரண்டையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மடவார் வளாகத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆட்களும் ராஜபாளையம் ஆட்களும் வந்துபோகிற இடம். இங்குள்ள வைத்தியநாத சுவாமி, திருமலை நாயக்கரின் தீராத வயிற்று வலியைத் தீர்த்தவர் என்பது தல வரலாறு. நோய் தீர வேண்டிக்கொண்டு கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் சிலர் அப்படியே என் கடைக்கும் திரும்புவார்கள். மிக்ஸி, எமர்ஜென்சி லைட், ரிமோட், டார்ச் என்று ஏதாவது பையில் இருக்கும்.

டார்ச்தான் என் பிழைப்பில் பெரிய பங்கு. மேற்கே மலை. செண்பகத்தோப்புப் பக்கம் போனால் தென்னையும் மாவும்தான். 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயம் ஆன காடு, 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆனது. அந்தக் காட்டுக்கும் தோப்புக்கும் நடுவில் இரவு முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு லைட் என்பது ஆடம்பரம் இல்லை. காட்டுப் பன்றி வரும். யானை வந்தால் தென்னங்கன்றின் குருத்தைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போகும். மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்தால் மோட்டார் போட வரப்பில் நடக்க வேண்டும், பாம்பு கிடக்கும். இவர்கள் கடைக்கு வந்தால் விலைக்கு முன்னால் கேட்பது ஒன்றுதான்: “தூரமா அடிக்குமா அண்ணாச்சி?”

தூரமாக அடிக்க வேண்டுமென்றால் பழைய காலத்தில் மூணு கட்டை லைட். பித்தளையோ தகரமோ, உள்ளே பெரிய பேட்டரிக் கட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக. எங்கள் அப்பா மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றி நான் பார்த்ததே இல்லை. வெளிச்சம் மங்கினால் ஒன்றை மட்டும் புதிதாக வாங்கி, பழைய இரண்டோடு சேர்த்துப் போடுவார். கழித்த கட்டையை ஓட்டுக் கூரை மேல் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு ராத்திரி ஓட்டுவார். அன்றைக்கு எல்லா வீட்டிலும் இதுதான் நடைமுறை. அந்தத் துத்தநாகக் கட்டைக்கு 1.5 வோல்ட். அதைப் புதுசு பழசு கலந்து போட்டால் அதிகபட்சமாக என்ன நடக்கும்? பலவீனமான கட்டை வழிந்து, ஸ்பிரிங்கில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போகும். உப்புத்தாளால் தேய்த்தால் சரி. கட்டையைக் கலந்து போடுவது சிக்கனம் என்று எங்கள் கைகளுக்குப் பழக்கியது அந்தச் சாதுவான கட்டைதான்.

லித்தியம் கட்டை வந்தபோது நான் பழைய கையோடே அதைத் தொட்டேன்.

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. சில வருஷங்களில் அவற்றின் பேட்டரிகள் சாக ஆரம்பித்தன. பிள்ளைகள் செத்த பேட்டரியைக் கொண்டுவந்து தந்துவிட்டு வேறு கேட்பார்கள். அதன் பிளாஸ்டிக் ஓட்டைப் பிளந்தால் பெரும்பாலும் உள்ளே ஆறு உருளைக் கட்டைகள் இருக்கும். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். 18650 என்ற பெயரே அந்த அளவுதான். பேட்டரி செத்தது என்றால் ஆறும் செத்தது என்று அர்த்தமில்லை. ஒன்றிரண்டு போயிருக்கும், மிச்சத்தில் உயிர் இருக்கும். நிக்கல் பட்டியை வெட்டி எடுத்து, தேற்றி, டார்ச்சில் போட்டு விற்றேன். புதுக் கட்டைக்குக் கொடுக்கிற காசில் நாலில் ஒரு பங்கு கூட எனக்குச் செலவில்லை. இதைத் தப்பு என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். பழைய கட்டையைச் சரியாகச் சோதித்து, ஒற்றைக் கட்டை லைட்டில் போட்டால் நன்றாகவே உழைக்கும். நான் செய்தது அதுவல்ல.

இரண்டு கட்டை போடுகிற நீள லைட்டுக்கு ஜோடி வேண்டும். நான் ஜோடி சேர்த்த லட்சணத்தைச் சொல்கிறேன். இரண்டையும் முழுக்க சார்ஜ் ஏற்றுவேன். மீட்டரை வைப்பேன். இரண்டும் 4.2 வோல்ட் காட்டினால் ஜோடி ஆகிவிட்டது. ஒன்று ஒரு லேப்டாப்பில் மூன்று வருஷம் உழைத்தது, மற்றது வேறொன்றில் அலமாரியில் தூங்கியது, ஒன்று கொரியாவில் செய்தது, மற்றது சீனாவில் செய்தது. அதெல்லாம் மீட்டருக்குத் தெரியாது. வோல்ட் என்பது தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பது மட்டும்தான். குடம் எத்தனை பெரிசு என்பதை அது சொல்லாது. கழுத்துவரை நிரம்பிய குடமும் கழுத்துவரை நிரம்பிய செம்பும் மீட்டருக்கு ஒன்றே.

குடத்தின் அளவைப் பார்க்க என்னிடம் கருவி இருந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் “தெரியாமல் செய்துவிட்டேன்” என்று யாரும் எனக்காகப் பேசிவிடக் கூடாது. கட்டையை ஏற்றி, இறக்கி, எத்தனை மில்லி ஆம்பியர்-மணி தாங்குகிறது என்று எழுதிக் காட்டும் சார்ஜர் அது. ஒரு சுற்றுக்கு ஒரு ராத்திரி பிடிக்கும். தொடக்கத்தில் போட்டுப் பார்த்தேன். 2200 என்று பிறந்த கட்டைகளில் ஒன்று 1900 காட்டும், ஒன்று 1200 காட்டும். ஒரே அளவில் இரண்டு கிடைப்பது அபூர்வம். அளந்தால் ஜோடி சேராது, ஜோடி சேராவிட்டால் விற்பனை இல்லை. ஆகவே அளப்பதை விட்டுவிட்டேன். கருவியை அட்டைப் பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றினேன்.

அடுத்தது ஸ்லீவ். கட்டையின் மேல் சுற்றியிருக்கும் வழுவழுப்பான பிளாஸ்டிக் உறை. பழையதைக் கிழித்துவிட்டுப் புதிய நீல ஸ்லீவை மாட்டி, சூடு காட்டினால் கவ்விக்கொள்ளும். இரண்டும் அண்ணன் தம்பி போல ஆகிவிடும். அந்த ஸ்லீவில் 9800 என்று அச்சடித்தே வந்தது. 18650 அளவுள்ள நல்ல கட்டை 3500-ஐ ஒட்டித்தான் தாங்கும். அந்தச் சின்ன உருளைக்குள் 9800-ஐ அடைக்கிற வித்தை இன்னும் யாருக்கும் கைவரவில்லை. எனக்கு அது தெரியும். வாங்குகிறவருக்குத் தெரியாது. வாங்கியவர்களில் ஒருவர் நம்பரைப் பார்த்து, “பெரிய நம்பரா இருக்கே, ரொம்ப நேரம் நிக்குமோ?” என்று கேட்டார். நிற்கும் என்றேன்.

2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அந்தச் செய்தி வந்த நாட்களில் என் கடை பெஞ்சு ஒரு பொதுக்கூட்டமாகவே இருந்தது. பேசியவன் நான். கம்பெனிக்காரன் மட்டமான கட்டை போடுகிறான், சோதிக்காமல் அனுப்புகிறான், கேட்பாரில்லை என்று வெளுத்து வாங்கினேன். டீ குடித்துக்கொண்டு தலையாட்டினார்கள். நான் உட்கார்ந்திருந்த மேசையின் இழுப்பறையில் நீல ஸ்லீவ் மாட்டிய கட்டைகள் வரிசையாகப் படுத்திருந்தன. பிறகு மத்திய அரசு வாகன பேட்டரிகளுக்கான விதியை இறுக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலுமாக இரண்டு கட்டமாக நடைமுறைப்படுத்தியது. கட்டையின் தயாரிப்புத் தேதி தெரிய வேண்டும் என்பது அதில் ஒன்று. நல்ல விதி என்று அதையும் பாராட்டினேன். நான் கிழித்துப் போட்ட பழைய உறைகளில் இருந்தவை அந்த மாதிரித் தேதிகளும் கம்பெனிக் குறிகளும்தான்.

காவல்காரர் கதைக்கு வருகிறேன். அறுபதைத் தாண்டியவர். மாந்தோப்பில் குத்தகைக்காரரிடம் சம்பளத்துக்கு இருந்தார். என்னிடம் இரண்டு கட்டை லைட் வாங்கி ஒரு சீசன் முழுக்க உபயோகித்தார். இடையில் ஒருமுறை வந்து, “முன்ன மாதிரி நிக்கல தம்பி, பொசுக்குனு மங்குது” என்றார். திடீரென்று மங்குவது என்றால் ஒரு கட்டை முன்னதாகவே காலியாகிறது என்று பொருள். அந்த ஒரு வாக்கியத்திலேயே எனக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். கடையில் கூட்டம். ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, முனையைத் துடைத்து, ஒருதரம் எரியவிட்டுக் காட்டி அனுப்பிவிட்டேன்.

அதன் பிறகு ஓர் இரவு, பன்றிச் சத்தம் கேட்டு லைட்டை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். மங்கியது. பழைய டார்ச்சைத் தட்டுகிற மாதிரி இடது உள்ளங்கையில் தட்டினார். குழாய் சுடுவது தெரிந்தது. மறுபடி தட்டினார். உள்ளேயிருந்து பிரஷர் குக்கர் விசில் கிளம்பும் முன் வருமே, அந்த மாதிரி ஒரு சீறல் வந்ததாம். கீழே வைப்பதற்குள் பின்மூடி தெறித்துப் போய், புகையும் தீயுமாக வந்தது. கை கொப்பளித்தது. கயிற்றுக் கட்டிலில் விழுந்த இடத்தில் நைலான் கயிறு உருகி அறுந்தது. அந்தப் புகையில் சில மூச்சு இழுத்துவிட்டார். இருமல் உடனே நிற்கவில்லை.

சில நாள் கழித்து, கையில் கட்டோடு கடைக்கு வந்தார். பாலிதீன் பையில் அந்த லைட். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, “பாருங்க தம்பி, என்னமோ ஆயிப்போச்சு” என்றார்.

அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்த சொற்களை அப்படியே எழுதுகிறேன். “தண்ணி ஏதும் பட்டுச்சா? மழையில வச்சிருந்தீங்களா? வேற சார்ஜர்ல போட்டீங்களா?” மூன்றும் கேள்விகள்தான், ஒன்றுகூடப் பொய் இல்லை என்று நான் வாதாடலாம். ஆனால் எதற்காகக் கேட்டேன் என்பது எனக்குத் தெரியும். அவர் யோசித்தார். அன்றைக்குச் சாயங்காலம் தூறல் இருந்தது என்றார். “அதான் அண்ணாச்சி, தண்ணி இறங்கியிருக்கும்” என்று முடித்தேன். அவர் என்னைப் பார்த்து, “நாந்தான் தம்பி பாத்து வச்சிருக்கணும்” என்றார்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார் அந்த மனுஷர். நான் அதையும் வாங்கிக்கொண்டேன். பெரிய மனசு பண்ணுகிற மாதிரி இன்னொரு லைட்டைப் பாதி விலைக்குக் கொடுத்தேன். பாதி விலையிலும் எனக்கு லாபம் இருந்தது.

அவர் போன பிறகு பையைத் திறந்தேன். ஒரு கட்டை கரிந்து, மேல்மூடி பிய்ந்து, உள்ளே சுருட்டிவைத்த செம்புத் தகடு நாக்குப் போல வெளியே தொங்கியது. மற்றது உறை உருகியிருந்தாலும் உருக்குலையாமல் இருந்தது. அதில் மீட்டரை வைத்தேன். 3.6 வோல்ட் காட்டியது. என் பொய்யைக் கவிழ்க்க அந்த ஓர் எண் போதும். தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தால் ஒரு கட்டை மட்டும் வெற்றாகி இன்னொன்று இத்தனை தெம்போடு இருக்காது.

நடந்தது இதுதான். ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு கட்டையிலும் ஓடுவது ஒரே மின்சாரம். லைட் 2 ஆம்பியர் இழுக்கிறது, ஒரு கட்டை 2000, மற்றது 1200 என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னது 36 நிமிஷத்தில் காலி. பெரியதில் இன்னும் 800 மிச்சம். லைட்டுக்குள் இருக்கிற சர்க்யூட் மொத்தக் கணக்கை மட்டும்தான் பார்க்கும். நல்லது 3.6, கெட்டது 2.4, சேர்ந்து 6 வோல்ட் என்றால், ஆளுக்கு 3 இருக்கிறது என்று நம்பி எரியவிடும். மலிவு லைட்டில் அந்தப் பார்வைகூடக் கிடையாது. காலியான கட்டை சும்மா ஒதுங்கி நிற்க முடியாது. நல்ல கட்டை அதன் வழியாகவே மின்சாரத்தைத் தள்ளுகிறது. அது பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, பிளஸ் மைனஸாகவும் மைனஸ் பிளஸாகவும் தலைகீழாகிறது. அந்த நிலையில் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்குகிறது. காலையில் சார்ஜ் போடும்போது, கரைந்த செம்பு முள் முள்ளாகப் படிகிறது. அந்த முள் நடுவிலிருக்கும் மெல்லிய தடுப்பைத் துளைத்துவிட்டால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட். சீசன் முழுக்க ராத்திரி இறக்கி, காலையில் ஏற்றி, அவர் அறியாமலே அந்த முள்ளை வளர்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு ஜோடியை அவர் கையில் கொடுத்தது நான்.

டார்ச்சின் இன்னொரு குணமும் சேர்ந்துகொண்டது. மழை இறங்கக்கூடாது என்று ரப்பர் வளையம் போட்டு, மரை திருகி, இறுக்கி மூடிய அலுமினியக் குழாய் அது. கட்டை வெடித்துக் கக்கும் வாயு வெளியே போக வழியில்லை. சேர்ந்து சேர்ந்து, ஒன்று கண்ணாடியை உடைக்க வேண்டும், இல்லை பின்மூடியைப் பிய்க்க வேண்டும். அந்தப் புகையும் லேசானதல்ல. கட்டைக்குள்ளிருக்கும் லித்தியம் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகும். நுரையீரலை அரிக்கிற வாயு. அவருடைய இருமலுக்கு அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அப்போதாவது ஓடிப்போய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேனா? இல்லை. ஜாடையாக விசாரித்தேன். தேவலை என்றார்கள். நிம்மதியானேன்.

பக்கம் பக்கமாகக் கட்டைகள் நிற்கிற குண்டு லைட்டில் இந்தத் தலைகீழ் ஆபத்து இல்லை. ஆனால் அங்கும் கலப்பது தப்புதான். நிரம்பிய 4.2 வோல்ட் கட்டையையும் 3.2-க்கு இறங்கியதையும் சேர்த்துப் போட்டால், போட்ட கணமே ஒன்றிலிருந்து மற்றதற்கு மின்சாரம் பாயும். இரண்டின் உள் எதிர்ப்பும் சேர்த்து 0.1 ஓம் என்றால் அது 10 ஆம்பியர். சுவிட்சைத் தொடவே வேண்டாம். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிறவர்கள் கொண்டுவரும் லைட்டுகளில் இன்னொரு குழப்பம் பார்த்திருக்கிறேன். கேமராவில் போடுகிற குட்டைக் கட்டை 3 வோல்ட், சார்ஜ் ஏற்றவே கூடாது. அதே உருவத்தில் 3.7 வோல்ட் சார்ஜ் கட்டையும் உண்டு. பார்த்தால் இரட்டைப் பிள்ளை. அவற்றைக் கலப்பது நான் செய்ததைவிட மோசம்.

இத்தனையும் தெரிந்த பிறகும் நான் அவரிடம் போகவில்லை. மறு சீசன் வந்தது. அவருக்குப் பாதி விலையில் கொடுத்த லைட்டிலும் இருந்தது அளக்காத ஜோடிதான் என்ற நினைப்பு, ராத்திரி ஷட்டரை இழுக்கும்போதெல்லாம் வரும். காலையில் போய்விடும். ஒருநாள் அவருடைய பேத்தி அந்த லைட்டைத் தூக்கிக்கொண்டு, “தாத்தா சார்ஜ் ஏறுதான்னு பாக்கச் சொன்னாங்க” என்று கடை வாசலில் நின்றாள். அப்பனும் மகளும் செத்த வேலூர்ச் செய்தியைப் பற்றி நான் பேசிய பேச்செல்லாம் அங்கேயே எனக்குத் திருப்பிக் கேட்டது. கட்டைகளைக் கழற்றி வைத்துக்கொண்டு, வெறும் லைட்டோடு அவளைக் கூட்டிக்கொண்டு தோப்புக்குப் போனேன்.

சொன்னேன். தண்ணீர் இல்லை, என் கட்டைதான் என்றேன். ஸ்லீவ் விஷயத்தையும் 9800-ஐயும் சொன்னேன். அழுவார், அணைப்பார், மன்னிப்பார் என்றெல்லாம் சினிமாவில் வரும். அவர் கொஞ்ச நேரம் கையிலிருந்த தழும்பைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப அந்தப் பாதி ரூவா?” என்றார். கொடுத்தேன். முதல் லைட்டின் விலையையும், மருந்துச் செலவையும் சேர்த்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து மடியில் வைத்துக்கொண்டார். கம்பெனிப் பெயரும் தேதியும் உள்ள புதுக் கட்டை போட்ட ஒற்றைக் கட்டை லைட் ஒன்றை நீட்டினேன். வேண்டாம் என்றுவிட்டார். இப்போது ராஜபாளையத்தில் வாங்குகிறார் என்று கேள்வி. அவர் செய்தது சரி.

சார்ஜர் பரணிலிருந்து இறங்கிவிட்டது. இரண்டு கட்டை லைட் கேட்பவர்களுக்கு ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே நாளில் வாங்கிய புதுக் கட்டைகளைத்தான் தருகிறேன். இரண்டிலும் ஒரே எழுத்தை மார்க்கர் பேனாவால் எழுதி, “சேர்ந்தே போடுங்க, சேர்ந்தே சார்ஜ் ஏத்துங்க, ஒண்ணு போனா ரெண்டையும் கழிச்சிருங்க” என்கிறேன். விலையைக் கேட்டு முகம் சுளித்துவிட்டுப் பலர் போய்விடுகிறார்கள். விற்பனை பாதியாகிவிட்டது. பழைய கட்டையை ஒற்றைக் கட்டை லைட்டுக்கு மட்டும், அளந்த எண்ணை எழுதி, பழசு என்று சொல்லியே விற்கிறேன்.

என்னிடம் நீல ஸ்லீவ் மாட்டிய கட்டைகளோடு லைட் வாங்கியவர்கள் செண்பகத்தோப்பிலிருந்து சேத்தூர் வரை இருக்கிறார்கள். எல்லார் பெயரும் எனக்குத் தெரியாது, பில் போட்டு விற்றதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். லைட் திடீரென்று மங்கினால் தட்டாதீர்கள், அணைத்துவிடுங்கள். சுட்டாலோ சீறினாலோ திறந்து பார்க்க வேண்டாம். வெட்டவெளியில் போட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள், புகைக்குப் பக்கத்தில் போகாதீர்கள். மற்றபடி, ஆறியிருக்கும்போது கட்டைகளை வெளியே எடுத்து, இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, சாவியும் சில்லறையும் கிடக்காத பையில் தனியாகப் போட்டுக் கடைக்குக் கொண்டுவாருங்கள். பில் கேட்க மாட்டேன். முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போங்கள்.